மயிலாள் கேட்ட மயிலாளின் குரல்

வெள்ளகோவிலிலிருந்து மண்ணரைக்கு வாக்கப்பட்டு வந்தவள் மயிலாள். 2003-இல் அவள் தெருவுக்குப் பத்து நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர். அதுவும் காலை பதினோரு மணிக்கு, தெருவே நூல் கம்பெனியில் வேலையாக இருக்கும் நேரத்தில். வீட்டுக்கு ஒருவர் லீவு போட்டுக் குடத்தோடு நிற்க வேண்டும். அப்படி லீவு போட்டே பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு வேலை போயிற்று. நேரத்தை மாற்றச் சொல்லி, குறைகேட்புக் கூட்டத்துக்கு மயிலாள் கிளம்பினாள்.

போன வேகத்தில் திரும்பினாள். "சண்டைக்கு வந்தீங்களாம்மா?" என்று கேட்ட குடிநீர் எஞ்சினியர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டாராம்.

"நான் எங்கீங்க சத்தம் போட்டேன்? பதனமாத்தானுங்க பேசுனேன்" என்று கணவன் கன்னையனிடம் பொருமினாள். அவன் டேப்ரெக்கார்டரில், கடையில் பாட்டுப் பதிந்து வாங்கிய தன் கேசட்டைப் போட்டுக் குரல் பதியும் சிவப்புப் பொத்தானை அழுத்தினான். "அங்க பேசுனத அப்படியே பேசு புள்ள."

போட்டுக் கேட்டதும் மயிலாளுக்கு முகம் செத்துப்போயிற்று. "இது நானாங்க?" பதினைந்து வருடம் நூல் சுற்றும் மெஷின்களின் இரைச்சலுக்கு மேலே கத்திப் பழகிய தொண்டை, வெளியே வந்தும் இறங்கவில்லை. மூச்சுவிடாமல் கொட்டியதில், நேரத்தைப் பற்றிச் சொன்னது அவளுக்கே விளங்கவில்லை.

வேறொருத்தியாக இருந்தால் அந்த டேப்ரெக்கார்டரைத் தூக்கிப் பரணில் போட்டிருப்பாள். மயிலாள் லேசுப்பட்டவளா? தன் குறையைத் தன் காதாலேயே கேட்கத் தனித் துணிச்சல் வேண்டும். ஒரு மாதம், அடுப்பைப் பற்றவைத்த கையோடு பேசிப் பதிந்தாள், கேட்டாள், மறுபடி பேசினாள். ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பிறகும், அறுந்த நூலை முடிச்சுப் போடும் நேரம் சும்மா இருக்கப் பழகினாள். அதுதான் பெரும்பாடாக இருந்தது. கன்னையனின் பாட்டுகள் ஒன்றொன்றாக அழிந்தன; மனுஷனே கேசட்டைத் திருப்பிப் போட்டுக் கொடுத்தான்.

அடுத்த கூட்டத்தில் எழுந்தாள். "தண்ணி பதினோரு மணிக்கு வருதுங்க. அந்நேரம் நாங்க கம்பெனியில இருக்கறமுங்க. லீவு போட்டா வேலை போகுதுங்க. சாயங்காலமா விட்டுக் குடுங்க."

எஞ்சினியர் பேனாவை எடுத்தார். "ஏழு மணிக்கு மாத்திடலாம்மா. இப்படி விளங்கச் சொன்னா செய்ய மாட்டமா? போன மாசம் உங்க தெருவுல இருந்து ஒரு அம்மா வந்து, ஒரே கத்து."

"அந்தம்மா நாந்தானுங்க" என்றாள் மயிலாள், குரலை உயர்த்தாமலே. "அன்னைக்கும் இதையேதானுங்க சொன்னேன்."

எஞ்சினியர் எழுதி முடித்தார். அடுத்த தண்ணீர் நாளில் அந்தத் தெருவில் ஒருவரும் லீவு போடவில்லை.