பக்கத்து சீட்டு பிரேக்

ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் அவள். மீதிப் பாதிப் பேர், தன்னிடம் கற்றவர்கள் வரும்போது ஓரமாக ஒதுங்கி நிற்கக் கற்றுக்கொண்டவர்கள் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். எல்லோருக்கும் அவள் பிரேக் அக்கா. வயதில் மூத்த போஸ்ட்மாஸ்டர்கூட, கற்றுக்கொள்ள வந்த மூன்றாம் நாள் வாய் தவறி அக்கா என்று கூப்பிட்டவர், அப்புறம் மாற்றிக்கொள்ளவில்லை.

அவளுடைய வெள்ளைக் காரில் பக்கத்து சீட்டின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி வண்டி என்றால் அப்படித்தான். கற்பவர் தடுமாறினால் கற்றுக்கொடுப்பவர் மிதிப்பார். முன் கண்ணாடியின் நடுவில் எல்லாக் கார்களிலும் இருப்பதுபோல ஒரு கண்ணாடி. அதற்குக் கீழே, பக்கத்து சீட்டைப் பார்த்துத் திருப்பி ஒட்டிய இன்னொரு சின்னக் கண்ணாடி. அதில் பின்னால் வரும் வண்டி தெரியாது, ஓட்டுகிறவரின் கண்கள் தெரியும். ரோட்டைப் பார்க்காமல் கியரைப் பார்க்கிற கண்களை அவள் அதில்தான் கையும் களவுமாகப் பிடிப்பாள்.

முதல் நாள் பாடம் யாருக்கானாலும் ஒன்றே. கையில் ஒரு பழைய துணியைக் கொடுத்து, "முன் கண்ணாடியத் துடைங்க" என்பாள். "ஓட்டவே இல்லையே, அதுக்குள்ள என்ன துடைக்கிறது?" என்று கேட்டவர்களை இரண்டாவது முறை துடைக்க வைத்திருக்கிறாள்.

அவளுக்கு ஒரு தம்பி. லிஃப்ட் மெக்கானிக். ஒரே வீட்டில் அவன் மாடியில், அவள் கீழே. அந்தத் தம்பியின் தலைக்குள் எந்நேரமும் ரயில் ஓடியது என்று சொன்னால் கொஞ்சமும் மிகையில்லை. ஆளில்லாத தண்டவாளத்தை ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டு நிற்பான். ஊரில் அவனைப் போலவே இன்னும் சிலர் இருந்தார்கள். வேனில் வெல்டிங் மெஷினை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகும் வெல்டர் அவர்களுக்குத் தலைவர் மாதிரி. நான்காவது முயற்சியில் டிரைவிங் டெஸ்ட் தேறிய மருந்துக்கடைக்காரர் இன்னொருவர். தங்களுக்கு ரயில் பைத்தியங்கள் என்ற பெயரை அவர்களே வைத்துக்கொண்டார்கள், அடுத்தவர் வைக்கும்வரை காத்திருப்பானேன் என்று.

வருஷத்துக்கு ஒரு நாள் அவர்களுக்குத் தலைகால் புரியாது. ரயில்வே காட்சிக்கூடத்தில் பளபளவென்று நிற்கிற பழைய நீராவி என்ஜினை வெளியே எடுத்து, ஐந்து பெட்டிகளை மாட்டி, ஆற்றைத் தாண்டி அக்கரை ஊர்வரை ஓட்டுவார்கள். அந்த ஸ்பெஷலைத் துரத்துவது என்பது ஒருவரால் முடிகிற வேலையில்லை. ரயிலுக்கு முன்னால் ஓடி, நல்ல இடத்தில் ஒருவரை இறக்கிவிட வேண்டும். இறங்கியவர் கேமராவோடு மேடேறுவார். ஓட்டுகிறவர் கொஞ்ச தூரம் தள்ளி, வண்டியை ரோட்டைப் பார்க்கத் திருப்பி, என்ஜினை அணைக்காமல் காத்திருக்க வேண்டும். ரயில் போன மறுநொடி படமெடுத்தவர் ஓடி வந்து கதவை அறைந்து சாத்துவார். அந்தச் சத்தம்தான் சிக்னல். அடுத்த இடத்துக்குப் பறக்க வேண்டியதுதான்.

தம்பிக்கு எப்போதும் ஓட்டியவள் அக்கா. ஆகவே, இத்தனை வருஷம் துரத்திய ரயிலை அவள் நேருக்கு நேராகப் பார்த்ததே கிடையாது. பின்னால் பார்க்கும் கண்ணாடியில் ஒரு துண்டுப் புகை தெரியும். அவ்வளவுதான்.

"ஓட்டுறவனுக்குப் படம் கிடையாதுக்கா. அது எழுதாத சட்டம்," என்பான் தம்பி.

"எழுதாத சட்டத்த யாருடா போட்டது?"

"படம் எடுக்கிறவன்தான்."

அதோடு நிற்க மாட்டான். போகிற வழியில் நல்ல காட்சி கண்ணில் பட்டால் வாயால் சொல்லும் பொறுமை அவனுக்கு இருந்ததில்லை. பக்கத்து சீட்டு பிரேக்கை ஓங்கி மிதித்துவிடுவான். வண்டி குலுங்கி நிற்கும். "உன் காலை முறிச்சு அடுப்புல வைக்கிறேன் பாரு!" என்று அவள் கத்துவது அவன் காதில் விழுமுன் அவன் புதருக்குள் இருப்பான்.

அவன் எடுத்த படங்கள் மாடிப்படிச் சுவர் முழுக்கச் சட்டம் போட்டுத் தொங்கின. படி திரும்புகிற இடத்தில் மட்டும் பெரிய சட்டம் ஒன்று காலியாக இருந்தது. ஸ்பெஷல் ஆற்றுப்பாலத்தின் நடுவில் வரும்போது எடுக்கப்போகும் படத்துக்காக அவன் முன்கூட்டியே வாங்கி மாட்டியது. முதல் வருஷம் பனி மூட்டம். அடுத்த வருஷம் சரியாக அந்த நொடியில் எதிர்த்திசையிலிருந்து சரக்கு ரயில் வந்து ஸ்பெஷலை முழுசாக மறைத்தது. அதற்கடுத்த வருஷம் காற்று திரும்பி, புகை கீழே படுத்து, படத்தில் பாலம் இருந்தது, புகை இருந்தது, ரயிலைக் காணோம். "சட்டம் எங்கயும் ஓடிடாதுக்கா," என்றான்.

அவன்தான் போய்விட்டான். மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தவன் எழுந்திருக்கவில்லை.

அதே மாதம் பாலத்தின் இரண்டு பக்கமும் ஆள் உயரத் தகரத் தடுப்பு போடும் வேலை ஆரம்பித்தது. சத்தம் அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போகாமலிருக்க என்றார்கள். அடுத்த வருஷத்துக்குள் பாலம் முழுக்க மூடிவிடும். பிறகு ஆற்றங்கரையிலிருந்து பார்த்தால் ரயிலின் கூரைதான் தெரியும். ஆக, சட்டத்தை நிரப்ப இந்த ஒரு முறைதான்.

பிரேக் அக்கா அழுது தீர்த்துவிட்டு, ஒரு காலையில் மாடிக்குப் போய் அவன் கேமராவை எடுத்து வந்தாள். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது எப்படியோ அப்படியே தனக்குத் தானே கற்றுக்கொடுத்தாள். முதலில் லென்ஸைத் துடைத்தாள். பிறகு நிற்கிற பஸ், நகர்கிற பஸ், ஓடுகிற பஸ். கடைசியில் தினசரி ரயில்கள். தவறு செய்தால் தன்னையே திட்டிக்கொண்டாள். நான்கு மாதத்தில் அவள் எடுத்த சரக்கு ரயில் படத்தை வெல்டர் வாங்கி, தூரம் தள்ளி, பக்கத்தில் வைத்து, மறுபடி தூரம் தள்ளிப் பார்த்தார்.

"குறை சொல்ல ஏதாவது கிடைக்குமான்னு பாக்குறேன்மா. கிடைக்கல."

"நல்லாத் தேடுங்கண்ணே. நேரம் இருக்கு."

"ஆனா ஸ்பெஷல் அன்னிக்கு நீ என் வேன்ல வந்துடு. பாலத்து ரோட்ல வண்டிய நிறுத்திட்டுப் போக முடியாது. ஒருத்தர் ஓட்டணும், ஒருத்தர் இறங்கணும்."

"என் தம்பி என் வண்டியிலதான் போனான். நானும் அதுலதான் போவேன். நிறுத்துறது என் பாடு."

அவளிடம் பேசி ஜெயித்தவர்கள் இல்லை.

ஸ்பெஷல் ஓடும் நாளில் வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. கேமராப் பையைப் பக்கத்து சீட்டில் வைத்து, பெல்ட்டும் போட்டுவிட்டுக் கிளம்பினாள். முதல் இடம் ஊருக்கு வெளியே தண்டவாளம் வளைகிற மண்மேடு. வெல்டரும் மருந்துக்கடைக்காரரும் வேனில் முன்கூட்டியே போய் மேட்டில் நின்றார்கள். அவள் வந்தாள். மேட்டடியில் வண்டியை நிறுத்தினாள். கொஞ்சம் பொறுத்து, தள்ளிப் போய், ரோட்டைப் பார்க்கத் திருப்பி, என்ஜினை அணைக்காமல் ஸ்டீயரிங்கில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

விசில் கேட்டது. கண்ணாடியில் துண்டுப் புகை தெரிந்தது. மேடு முழுக்க அதிர்ந்து அடங்கியது. அவள் கியரைப் போட்டு, கிளட்சை மிதித்தபடி, கதவு சாத்தும் சத்தத்துக்காகக் காத்திருந்தாள்.

சத்தம் வரவில்லை. திரும்பிப் பார்த்தாள். கேமராப் பை பெல்ட்டோடு உட்கார்ந்திருந்தது.

மருந்துக்கடைக்காரர் மேட்டிலிருந்து சறுக்கிக்கொண்டு ஓடி வந்து ஜன்னலில் குனிந்தார். "அக்கா! எப்படி வந்துச்சு? நீங்க எங்க நின்னீங்க, ஆளையே காணோமே?"

அவள் கியரை விடுவித்தாள். "நான் நிக்கவே இல்லப்பா. அவனை இறக்கிவிட்டுட்டு, அவன் வந்து ஏறுவான்னு உக்காந்திருக்கேன்."

பின்னால் வந்து சேர்ந்த வெல்டர் தொப்பியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார். அவளேதான் முதலில் மூக்கை உறிஞ்சிவிட்டுச் சிரித்தாள்.

"கைக்கும் காலுக்கும் இன்னும் சேதி போய்ச் சேரல, அவ்வளவுதான். முகத்த அப்படி வச்சுக்காதீங்க ரெண்டு பேரும். ரயில் தண்ணி பிடிக்க அடுத்த ஸ்டேஷன்ல நிக்கும்ல? பாலம் இன்னும் இருக்கு."

"இருக்கு," என்றார் வெல்டர். "ஆனா நீ ஓட்டக்கூடாதும்மா. ஸ்டீயரிங் பிடிச்சா மறுபடி இதான் நடக்கும். நான் முன்னாடி போய் ஆத்தங்கரை பம்ப் ஹவுஸ் மேட்டுல உனக்கு இடம் பிடிச்சு வைக்கிறேன்."

அது உண்மை என்று அவளுக்கும் தெரிந்தது. உண்மையை ஒத்துக்கொள்ள அவள் என்றைக்கும் தயங்கியதில்லை. ஆனால் ஓட்டுவது யார்?

மருந்துக்கடைக்காரர் தொண்டையைக் கனைத்தார். "நான் ஓட்டுறேன்க்கா."

"நீங்களா? நீங்க ரிவர்ஸ் எடுத்தா எறும்புகூட முந்திப் போகுமே."

"கத்துக்கொடுத்தது யாரு?"

"அதான் பயமா இருக்கு," என்றாள். பெல்ட்டைக் கழற்றிப் பையை மடியில் எடுத்துக்கொண்டு பக்கத்து சீட்டுக்கு மாறினாள். வருஷக் கணக்காகப் பாடம் சொல்ல உட்கார்ந்த அதே சீட்டு. ஆனால் ஸ்பெஷல் ஓடும் நாளில் அது அவனுடையது. காலடியில் பிரேக்கின் ரப்பர் ஒரு ஓரம் தேய்ந்திருந்தது. மாணவர்களுக்காக அவள் மெதுவாக மிதித்துத் தேய்ந்தது பாதி, அவன் ஓங்கி மிதித்துத் தேய்ந்தது மீதி.

"கண்ணாடியத் துடைங்க," என்றாள்.

"இப்பவா? ரயில் போயிடும்க்கா!"

"துடைங்க."

துடைத்தார். கிளம்பினார்கள். வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. வேன் முன்பே தாண்டிப் போயிருந்தது. எங்கே போகிறதென்று தனக்கே தெரியாததுபோல ஒரு டீசல் என்ஜின், தனியாக, சாவகாசமாக ஊர்ந்து போனது. மருந்துக்கடைக்காரர் ஸ்டீயரிங்கில் தாளம் போட்டார். அவள் போடவில்லை. கேமராவை வெளியே எடுத்து, மூடியைக் கழற்றிப் பையில் போட்டு, வெளிச்சத்தைச் சரிபார்த்து முடித்திருந்தாள்.

கேட் திறந்ததும் போனில் வெல்டர் கத்தினார். "எங்க இருக்கீங்க? தண்ணி பிடிச்சுக் கிளம்பிட்டான்! இங்க புகை தெரியுது!"

மருந்துக்கடைக்காரர் தன் வாழ்நாளில் முதல் முறையாக வண்டியை விரட்டினார். ரோடு மரக்கிடங்கைச் சுற்றி வளைந்து, ஆற்றை நோக்கிச் சரிகிற இடம் வந்தது. பம்ப் ஹவுஸ் மேடு இன்னும் தூரத்தில், அதன்மேல் ஆட்கள் பொட்டுப் பொட்டாக நின்றார்கள். ஆனால் அவள் மேட்டைப் பார்க்கவில்லை. சரிவின் உச்சியில் முன் கண்ணாடி முழுக்கப் பாலம் விரிந்திருந்தது. இந்தப் பக்கம் பாதிவரை புதுத் தகரம். மீதி திறந்த இரும்பு. புகை நேராக மேலே போக, கறுப்பு என்ஜின் தகரத்தின் மறைவிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தது. மேட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் அது அக்கரையில் இருக்கும்.

அவள் பிரேக்கை ஓங்கி மிதித்தாள்.

வண்டி குலுங்கி நின்றது. மருந்துக்கடைக்காரர் "ஐயோ!" என்றார். பின்னால் வந்த வேறு வண்டி ஒன்று ஹாரன் அடித்தது. இறங்க நேரமில்லை, கதவைத் திறந்தால்கூடப் போய்விடும். கேமரா ஏற்கெனவே அவள் கண்ணில் இருந்தது. துடைத்த கண்ணாடி வழியாக அவள் பார்த்தாள். என்ஜின், அதன் பின்னால் ஐந்து பெட்டி, ஒவ்வொன்றாகத் திறந்த இரும்புக்கு நடுவே, தண்ணீரில் தலைகீழாக இன்னொரு ரயிலோடு. அவசரப்படவில்லை. கடைசிப் பெட்டியும் தகரத்தை விட்டு வெளியே வரட்டும் என்று ஒரு மூச்சு பொறுத்தாள். அழுத்தினாள்.

அன்று மாலை மாடிப்படியின் கீழ்ப்படியில் மூவரும் உட்கார்ந்து படத்தைப் பார்த்தார்கள். புகை மறைக்கவில்லை, சரக்கு ரயில் வரவில்லை. வெல்டர் கைநீட்டி மேல் ஓரத்தைக் காட்டினார். அங்கே, லேசாகக் கலங்கி, சின்னக் கண்ணாடி ஒன்று படத்துக்குள் வந்திருந்தது. அதில் அகல விரிந்த இரண்டு கண்கள்.

"இது யாரு, பேய் மாதிரி?"

"நான்தான்," என்றார் மருந்துக்கடைக்காரர். "அக்கா, ரோட்டைப் பாக்காம ரயிலைப் பாத்துட்டேன். மன்னிச்சிடுங்க."

"மேல ஒரு விரக்கடை வெட்டிட்டா போச்சு," என்றார் வெல்டர். "கண்ணாடி வழியா எடுத்ததுன்னு யாருக்கும் தெரியாது. சட்டத்துல கச்சிதமா உக்காரும்."

"ஒரு நூல்கூட வெட்டக்கூடாது," என்றாள் அவள்.

"ஏம்மா? அவன் இருந்தா வெட்டச் சொல்லுவான்."

"சொல்லுவான். நானும் முடியாதுன்னு சொல்லுவேன். ஓட்டுறவங்களுக்குப் படம் கிடையாதுன்னு அவன் போட்ட சட்டம் இத்தோட ரத்து."

மறுநாள் பிரிண்ட் போட்டு வாங்கி வந்தாள். காலிச் சட்டத்தை இறக்கி, தூசியை ஊதி, அதே பழைய துணியால் அதன் கண்ணாடியைத் துடைத்தாள். இரண்டாவது முறையும் துடைத்துவிட்டுப் படத்தை உள்ளே வைத்து மாட்டினாள். ஒரு பக்கம் இறங்கியிருந்தது, விரலால் சரிசெய்தாள். பிறகு கீழே போய், ஒன்பது மணி மாணவிக்காகக் காரின் கதவைத் திறந்து வைத்தாள்.