சுடர் நடுங்கக்கூடாது என்றவர்

சிவபாதம் போய்விட்டார். போன வாரம் கனடாவிலிருந்து அவர் மகள் வளர்மதி போன் செய்து சொன்னாள். "கணேசன் அங்கிள், அப்பா மோசம் போயிட்டார்." அதற்குப் பிறகு அவள் சொன்னதுதான் இன்னும் என்னைத் தூங்கவிடவில்லை. "கடைசி நேரம் ஃபேனை நிப்பாட்டுங்கோ, நிப்பாட்டுங்கோ எண்டு நேர்ஸை மன்றாடினவர். அந்த ரூமில ஃபேனே இல்லை. எதுக்கோ பயந்துதான் போயிட்டார் போல." பதில் சொல்லாமலே போனை வைத்துவிட்டேன். எண்பதுகளில் ஷார்ஜாவில் எங்களோடு வேலை பார்த்தவர்களுக்கு அந்தப் பதில் தெரியும். அவளுக்கும் தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

சிவபாதம் சரியான பயந்தாங்கொள்ளி. இதைச் சொன்னால் அவரே சிரிப்பார். யாழ்ப்பாணத்துக்காரர். அஜ்மானில் வாடகை குறைவு என்று நாங்கள் இருவரும் ஒரே கட்டிடத்தில் குடியிருந்தோம். அவருடைய பழைய காரில்தான் ஷார்ஜாவுக்கு டியூட்டிக்குப் போவோம். வீட்டைப் பூட்டிவிட்டுக் கீழே வந்தவர், காஸை மூடினேனா என்று பார்க்க மறுபடி மேலே ஏறுவார். ரவுண்டபவுட்டில் எல்லா வண்டியும் போய் முடியட்டும் என்று நிற்பார். பின்னால் ஹாரன் காதைக் கிழிக்கும். "நீங்க உள்ள நுழையறதுக்குள்ள எனக்கு லீவே வந்துடும்" என்பேன். "வரட்டும் ஐசே. முழுசாப் போய்ச் சேருவம்" என்பார். என்னை எப்போதும் 'ஐசே' என்றுதான் கூப்பிடுவார்.

எங்களுடையது சின்ன சோதனைக்கூடம். வியாபாரிகள் கொண்டுவரும் மண்ணெண்ணெய் எந்தச் சூட்டில் தீப்பிடிக்கும் என்று பார்த்துச் சான்றிதழ் தருவது எங்கள் வேலை. எண்ணெயைப் பித்தளைக் கிண்ணத்தில் ஊற்றி மூடி, சுற்றிலும் உள்ள தண்ணீரை மெல்லச் சூடாக்குவோம். ஒவ்வொரு டிகிரிக்கும் மூடியின் சின்னக் கதவைத் திறந்து ஒரு குட்டிச் சுடரை உள்ளே காட்ட வேண்டும். ஆவி 'பக்'கென்று நீலமாய்ப் பற்றும் சூடுதான் கணக்கு. சட்டம் சொல்லும் சூட்டுக்குக் கீழே பற்றினால் அதை அடுப்புக்கு விற்கக்கூடாது. போத்தலைக் குளிரவைத்தே திறக்க வேண்டும், ஒரு தடவை சோதித்த எண்ணெயை மறுபடி தொடக்கூடாது, அறையில் காற்றே அசையக்கூடாது என்று ஏகப்பட்ட விதிகள். அதனால் அந்த ஊர் ஆகஸ்டு மாதத்திலும் ஏசி, ஃபேன் இரண்டையும் நிறுத்திவிட்டு வேர்த்து வடிவோம். முடிந்ததும், "சரி, இனிப் போடும்" என்பார் சிவபாதம். அந்த வார்த்தைக்காகவே காத்திருப்பேன்.

"இந்த விதியெல்லாம் ஆரோ என்னைப்போலப் பயந்த ஆள் எழுதினது. அதாலதான் எனக்கு நல்லா விளங்குது" என்று ஒருநாள் சொன்னார்.

அவருடைய மனைவி கைக்குழந்தையோடு ஊரிலிருந்து தப்பி வந்து சேர்ந்த கொஞ்ச நாளில் அது நடந்தது. லேபர் கேம்ப் அடுப்புகளுக்குப் போகவேண்டிய ஒரு டேங்கர் மண்ணெண்ணெய். அதிலிருந்து மாதிரி எடுத்துச் சீல் வைத்த இரண்டு போத்தல்கள் ஐஸ் பெட்டியில் வந்தன. முதல் போத்தல், சட்டம் சொன்ன சூட்டுக்கு வெகு கீழேயே பற்றிக்கொண்டது. பெட்ரோல் கலந்திருக்க வேண்டும். எங்கள் மேலாளர் ஓடிவந்தார். "அரே பாய், இதே பாட்டில்ல இன்னொரு தடவை பாரு. ஜல்தி. டேங்கர் நிக்குது" என்றார் இந்தியில். அந்தப் போத்தல் மூடி திறந்தபடி, கொதிக்கும் அறையில் மேசைமேல் இருந்தது. சட்டென்று பற்றும் ஆவியெல்லாம் பறந்திருக்கும். இப்போது சோதித்தால் நிச்சயம் பாஸாகும். சிவபாதம் என்னிடம் தமிழில், "வெயில் கள்ளச்சாட்சி சொல்லும் ஐசே" என்றார். பிறகு மேலாளரிடம், மற்றப் போத்தலைத்தான் திறப்பேன் என்றார்.

"சரி, திற. அது பாஸானா உன் விசா கலாஸ். நாளைக்கே ஊருக்குப் போ."

ஊரில் அப்போது குண்டு விழுந்துகொண்டிருந்தது. பேசாமல் மேலாளர் சொல்வதைச் செய்துவிடுங்கள் என்று நானே கெஞ்சினேன். சிவபாதம் போத்தலை இன்னும் நன்றாகக் குளிரவிட்டுத்தான் திறந்தார். மேலாளர் முதுகுக்குப் பின்னாலேயே நின்றார். சிவபாதத்தின் விரல்கள் உதறின. நான் பிடிக்கட்டுமா என்று கேட்டேன். "கை நடுங்கட்டும். சுடர் நடுங்கக்கூடாது. நீர் ஃபேனை நிப்பாட்டினீரோ, பாரும்" என்றார். எண்ணெய் கெட்டதாக இருக்க வேண்டுமே என்று நான் சாமியை வேண்டிக்கொண்டது அன்று மட்டும்தான். ஒவ்வொரு டிகிரியாகச் சூடு ஏறியது. கதவு திறந்தது, மூடியது. ஒன்றுமில்லை. மறுபடி திறந்தது. ஒன்றுமில்லை. பிறகு, முதல் போத்தல் பற்றிய அதே இடத்தில், நீலமாய்ப் பற்றியது.

மேலாளர் வெளியே போனார். டேங்கர் திரும்பிப் போயிற்று. சிவபாதமும் எழுந்து போய்விட்டார். ஃபேனைப் போடச் சொல்ல அன்று அவருக்கு நினைவில்லை. நான் தேடிப் போனபோது காருக்குள் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார். "பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்க போறது எண்டுதான் கணேசன், வேற ஒண்டுமில்லை" என்றார் என்னிடம். அடுத்த விசா அடிக்கும்வரை பெட்டியைக் கட்டியே வைத்திருந்தார்.

வளர்மதி, அந்தப் பிள்ளை நீதான். உன் அப்பா பயந்துதான் இருந்தார், அம்மா. அன்றும் பயந்தார். பயந்துகொண்டே வேலையைச் சரியாகச் செய்தார். ஆஸ்பத்திரியிலும் அவர் அந்த மேசைக்கு முன்னால்தான் உட்கார்ந்திருந்தார் என்று நான் நம்புகிறேன்.

எனக்கு அவரிடமிருந்து மிஞ்சியது ஒரு பழக்கம். அடுப்பைப் பற்றவைக்கும் முன் ஃபேனை நிறுத்திவிடுவேன். புழுங்குகிறது என்று வீட்டில் திட்டு விழும். உன் போன் வந்த அன்று ஃபேனை நிறுத்தியவன், அடுப்பைப் பற்றவைக்காமல் அப்படியே நின்றுவிட்டேன். சட்டையெல்லாம் நனைந்தது. 'சரி, இனிப் போடும்' என்கிற அந்தக் குரலுக்குக் காத்திருக்கிறேன் என்று பிறகுதான் உறைத்தது.

சிவபாதம், டெஸ்ட் முடிந்தது. கையை எடும். இந்தத் தடவை நானே சொல்கிறேன்: சரி, இனிப் போடலாம்.