முப்பத்துமூன்றாவது பெயர்

எங்கள் நைனா ரேஷன் கடையில் எடை போடுகிறவர். அரிசி தராசில் விழும்போது முள்ளைத் தவிர வேறெதையும் பார்க்கமாட்டார். சொந்தத் தங்கையே பையை நீட்டினாலும் ஒரு கைப்பிடி கூடவோ குறையவோ விழாது. அத்தை இன்றுவரை அதைச் சொல்லிக்காட்டுகிறாள். அந்த வீட்டில் பிறந்தவள் கையில் சாக்பீஸைக் கொடுத்து, பேசுகிறவர்கள் பெயரை எழுதச் சொன்னால் என்ன ஆகும்? அதுதான் ஆனது.

அப்போது நான் செஞ்சியில் மூன்றாம் வகுப்பு படித்தேன். மிஸ் ஆபீஸ் ரூமுக்குப் போகும்போதெல்லாம் யாராவது ஒருவரை நிறுத்தி, பேசுகிறவர்கள் பெயரைப் பலகையில் எழுதச் சொல்வார். எழுதுவதில் ஒரு முறை உண்டு. வேண்டியவர்களை விட்டுவிட வேண்டும், வேண்டாதவர்களை எழுத வேண்டும், மிஸ் நம்புவதற்காக நாலு பெயர் போதும். இது வகுப்பில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எனக்கு மட்டும்தான் தெரியவில்லை.

நான் எல்லோரையும் எழுதினேன். ஒன்றாம் வகுப்பிலிருந்து என் பக்கத்திலேயே உட்காரும் ஸ்டெல்லா, "பென்சில் குடு" என்று யாரிடமோ கேட்டாள். அவளையும் எழுதினேன். முப்பத்திரண்டு பெயர். கடைசியில், "பேசாதீங்க" என்று நானே பத்துத் தடவை கத்தியது நினைவுக்கு வர, நியாயம் என்றால் நியாயம் என்று முப்பத்துமூன்றாவதாக என் பெயரையும் எழுதி நின்றேன்.

மிஸ் வந்தார். பலகையைப் பார்த்துச் சிரித்தார். "நீ அடக்கத்தானடி பேசன? நல்ல பொண்ணு" என்று என் பெயரை மட்டும் டஸ்டரால் அழித்தார். மற்ற முப்பத்திரண்டு பேருக்கும் உள்ளங்கையில் ஸ்கேலால் ஆளுக்கு ஒன்று. பலமான அடியில்லைதான். ஆனால் அடி வாங்கி உட்கார்ந்த ஒவ்வொருவரும் என் பெயர் அழிந்த இடத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

மணி அடித்ததும் குணா முதலில் சுண்டுவிரலை நீட்டி, "காய்" என்றான். எங்களுக்குள் காய் என்றால் பேச்சு இல்லை, விளையாட்டு இல்லை, பென்சில் சீவும் துருவிகூடக் கடன் கிடையாது. இரண்டு விரலைச் சேர்த்து நீட்டி, "பழம்" என்று சொல்லும்வரை அது நீடிக்கும். ஒருவர் இருவர் காய் விடுவது தினமும் நடப்பதுதான். அன்று வகுப்பே காய் விட்டது. ஸ்டெல்லா மட்டும் விரலை நீட்டவில்லை. தன் பையைத் தூக்கி எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். முப்பத்தொரு சுண்டுவிரலையும் நான் தாங்கியிருப்பேன். அந்தப் பையைத்தான் தாங்க முடியவில்லை.

வீட்டில் அழுதேன். நைனாவுக்கு விஷயம் புரியவே இல்லை.

"நீ எழுதனது கரெக்ட்தானே? அப்புறம் இன்னாத்துக்கு அழுவுற?"

அக்கா ஐந்தாம் வகுப்பு, உலகம் தெரிந்தவள். எல்லோருக்கும் தேன்மிட்டாய் கொடு, தானாகப் பழம் விடுவார்கள் என்றாள். மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். எல்லோரும் வாங்கிக்கொண்டார்கள், வாய் நிறையப் போட்டுக்கொண்டார்கள், சப்பிக்கொண்டே சுண்டுவிரலைக் காட்டினார்கள். ஸ்டெல்லா மட்டும் வாங்கவில்லை.

அந்த வாரம் சனிக்கிழமை எங்களைக் கோட்டைக்குக் கூட்டிப்போவதாக இருந்தது. வேறு ஊர்ப் பிள்ளைகள் பஸ் பிடித்து வந்து பார்க்கிற கோட்டை எங்களுக்கு வகுப்பு ஜன்னலிலேயே தெரியும். ஆனாலும் வருஷத்துக்கு ஒருமுறை சோறு கட்டிக்கொண்டு நடந்துபோவதில் ஒரு குஷி. லாரி ஓடுகிற ரோடு என்பதால் இரண்டு இரண்டு பேராகக் கைகோத்துத்தான் போக வேண்டும். எனக்குக் கோட்டையும் வேண்டாம், சோறும் வேண்டாம். என் கையை யார் பிடிப்பார்கள் என்பதொன்றே வாரமெல்லாம் யோசனை. சனிக்கிழமை காலையில் வயிற்றுவலி என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். அம்மா ஓமத்தண்ணீரைக் குடிக்க வைத்து, எலுமிச்சைச் சோற்றைக் கட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டாள்.

"ஜோடி சேருங்க" என்றார் மிஸ். நான் ஸ்டெல்லாவைப் பார்த்தேன். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். முப்பத்திரண்டு பேரும் பதினாறு ஜோடியாகி வரிசையில் நின்றார்கள். ஒற்றையாக மிஞ்சியது நான். மிஸ் என்னையும் வரிசையையும் கொஞ்ச நேரம் பார்த்தார். என்ன நினைத்தாரோ, தன் தோள்பையின் வாரை என்னிடம் நீட்டி, "இதப் புடிச்சிக்க" என்றார். பையிலிருந்த தண்ணீர் பாட்டில் வழிநெடுக என் முழங்கையில் இடித்துக்கொண்டே வந்தது. அழக்கூடாது என்று அந்த இடிகளை எண்ணிக்கொண்டே நடந்தேன்.

கோட்டைக்குள் இருக்கிற கல்யாண மகாலுக்கு எதிரே புல்தரையில் உட்கார்ந்து டப்பாக்களைத் திறந்தோம். அப்போது மிஸ் எழுந்தார். கையில் ஒரு நோட்டு, பேனா. என்னிடம் கொடுத்தார்.

"நான் போயி தண்ணி புடிச்சிட்டு வரேன். பேசறவங்க, எழுந்து ஓடறவங்க பேரெல்லாம் எழுதி வை."

முப்பத்திரண்டு முகமும் கல்லாகிவிட்டன. யாரும் மூச்சு விடவில்லை.

அந்த அமைதி ஐந்து நிமிஷம்கூட நிற்கவில்லை. குணா ஒரு குரங்குக்கு ஒரு வாய் தயிர்சோறு நீட்டினான். அது சோற்றை விட்டுவிட்டு டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு மதில்மேல் ஏறி உட்கார்ந்து, வீட்டில் சாப்பிடுகிற மாதிரி நிதானமாகச் சாப்பிட ஆரம்பித்தது. குணா சட்டையெல்லாம் தயிரோடு துரத்தினான். வகுப்பே எழுந்து கத்தியது. ஸ்டெல்லா சிரித்த சிரிப்பில் சோறு மூக்கில் ஏறித் தும்மினாள். நானும், "டேய், குரங்குடா! கிட்ட போகாதடா!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

மிஸ் திரும்பி வருவது தெரிந்ததும் எல்லோரும் உட்கார்ந்து என்னையே பார்த்தார்கள். நான் பேனாவைத் திறந்து ஒரே ஒரு பெயரை எழுதினேன். என் பெயரை. பொய் இல்லை, நான் கத்தியது உண்மைதான். ஆனால் எங்கள் வீட்டில் முதல்முறையாக எடை குறைந்தது அன்றுதான்.

மிஸ் நோட்டைப் பார்த்தார். குணாவின் சட்டையைப் பார்த்தார். மதில்மேல் டப்பாவை நக்கிக்கொண்டிருந்த குரங்கைப் பார்த்தார்.

"இவ ஒருத்திதான் பேசனாளா?"

இந்த முறையும் அழித்துவிடப் போகிறார் என்று எனக்கு உயிரே போயிற்று. அவர் நோட்டை மூடினார்.

"சரி. போயி அந்த மரத்தாண்ட நில்லு. எல்லாரும் சாப்டற வரைக்கும்."

தண்டனை வாங்கி அப்படி ஒரு நிம்மதியோடு நடந்தவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். மார்பில் ஒரு வாரமாக உட்கார்ந்திருந்தது எழுந்து போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் ஸ்டெல்லா வந்து பக்கத்தில் நின்றாள். "மிஸ்ஸாண்ட நானும் பேசனேன்னு சொல்ட்டேன்" என்றாள். சோற்றுப்பருக்கை ஒட்டியிருந்த இரண்டு விரலை நீட்டினாள். "பழம்." நானும் நீட்டினேன். பின்னாலேயே குணா வந்தான். அவனுக்கு மனம் மாறியதா, பசி எடுத்ததா தெரியாது. பழம் சொன்ன வாயோடு என் எலுமிச்சைச் சோற்றையும் கேட்டான்.

திரும்பும்போது ஒரு கையை ஸ்டெல்லாவும் மறு கையைத் தயிர் காயாத கையால் குணாவும் பிடித்துக்கொண்டார்கள். மூன்று பேராக நடந்தால் மிஸ் திட்டுவார். அன்று திட்டவில்லை.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் பெருமையடித்துக்கொண்டேன். மிஸ்ஸை எப்படி ஏமாற்றினேன் தெரியுமா, அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை, பாவம் என்றேன். ரொம்ப வருஷம் அப்படியே நம்பியும் இருந்தேன். தண்ணீர் பிடிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாரே, அந்த பாட்டில் காலையிலிருந்தே நிறைந்திருந்தது. கனமாக, என் முழங்கை சிவக்கும்வரை இடித்துக்கொண்டு வந்தது. இடிகளை ஒவ்வொன்றாக எண்ணியவள் நான், அதுகூட எனக்கு உறைக்கவில்லை.