ஆம்புலன்ஸ் கிளம்புவதற்கு முன்

என் மகளுக்கு அப்போது ஆறு வயது. தெலுங்கு பேசும் ஒரு நகரத்தின் ஓரம், ராமச்சந்திராபுரத்தில், கணவர் வேலை பார்க்கும் தொழிற்சாலையின் குடியிருப்பில் இருந்தோம். கைக்குழந்தையிலிருந்தே அவளுக்கு இளைப்பு உண்டு. பனிக்காலத்தில் மார்பு விசிலடிக்கும். இன்ஹேலர் கொடுத்தால் அடங்கிவிடும்.

அன்று காலை அடங்கவில்லை. மூச்சுக்கு மூச்சு தோள் ஏறி இறங்கியது, விலாவுக்கிடையே தோல் உள்ளே இழுத்தது. பக்கத்திலிருந்த சின்ன ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். இளம் டாக்டரம்மா ஒருவர்தான் இருந்தார். ஆக்சிஜனோடு மருந்துப் புகை வைத்தார். மகள் முகமூடியைத் தள்ளி, வேண்டாம் என்பதற்கு அங்கே குழந்தைகள் சொல்வதுபோல், "நக்கோ" என்றாள். அந்த ஒரு சொல்லுக்கே மூச்சு போதவில்லை.

கொஞ்ச நேரத்தில் விசில் சத்தம் நின்றது. இளைப்பு விட்டுவிட்டது என்று நினைத்துக் கணவரின் கையைப் பிடித்தேன். டாக்டர் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை மாற்றி மாற்றி வைத்துக் கேட்டார்.

"சத்தம் நின்னது நல்லதுக்கில்லம்மா. உள்ளே காத்தே போகல" என்று தெலுங்கில் சொன்னார்.

நகரத்துக்குள் இருக்கும் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு அனுப்பவேண்டும் என்றார். கணவர் உடனே கார் சாவியை எடுத்தார். டாக்டர் விடவில்லை. அங்கிருந்து ஒரு டாக்டரோடு ஆம்புலன்ஸ் வரும், அதுவரை இங்கேயே மருந்து ஏற்றவேண்டும் என்றார். நேரம் போகிறதே என்று கணவர் குரலை உயர்த்தினார்.

டாக்டர் மகளின் கையில் நரம்பைத் தேடிக்கொண்டே கேட்டார்: "டிராஃபிக்ல மூச்சு நின்னா, கார்ல என்ன சார் பண்ணுவீங்க?"

கணவர் சுவரோரம் போய் நின்றுகொண்டார்.

டாக்டர் போனைத் தோளில் இடுக்கி, குழந்தைகள் ஆஸ்பத்திரியிலிருந்து பெரிய டாக்டர் சொல்லச் சொல்ல மருந்து கொடுத்தார். மகளுக்குக் கண் செருகியது. அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருங்கள் என்றார். தமிழில் கூப்பிட்டேன், அசையவில்லை. அவள் டீச்சர் கூப்பிடுவதுபோல் தெலுங்கில் கூப்பிட்டேன். இமை திறந்தது.

ஆம்புலன்ஸ் வந்த பிறகும் உடனே கிளம்பவில்லை. கூட வந்த டாக்டர் இன்னொரு மருந்தைத் தொடங்கி, ஆக்சிஜன் அளவு நிலைக்கும்வரை காத்திருந்துதான் அவளை ஏற்றினார். பாதி வழியில் மார்பைக் கேட்டவர், "விசில் திரும்ப வருது. காத்து போகுது" என்றார். எத்தனையோ இரவுகள் என்னைத் தூங்கவிடாத சத்தம் அது. அன்று அதற்காக அழுதேன்.

தொண்டைக்குள் குழாய் போடும் நிலை வரவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில், காற்றை அழுத்தித் தள்ளும் முகமூடியோடு சில நாள் கிடந்து தேறினாள்.

பக்கத்துக் கட்டிலில் இருந்த குழந்தைக்கும் ஆஸ்துமாதான். வெகுதூரத்திலிருந்து ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்ததாக அதன் அம்மா என்னிடம் சொல்லியிருந்தாள். ஒருநாள் மத்தியானம் மெஷின்களை அணைத்துவிட்டு அந்தக் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்தார்கள். வெளியே அவள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் பாட்டிலை நிரப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டவள், என் மகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டாள்.