செருப்புக் காவல்

ஒன்பதாம் வகுப்பில் எங்களுக்குச் சேவைத் திட்டம் என்று ஒன்று வந்தது. வகுப்பே சேர்ந்து ஊருக்கு ஒரு வேலை செய்ய வேண்டும். அது போக ஆளுக்கொரு தனிச் சேவையும் செய்து காட்ட வேண்டும். பொது வேலை, கடற்கரையைச் சுத்தம் செய்வது. தனிச் சேவைக்கு ஒருத்தி மரக்கன்றுகளைப் பிடித்துக்கொண்டாள். இன்னொருத்தி தெருப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போனாள். எனக்குத்தான் ஒன்றும் அகப்படவில்லை. அம்மாவுக்குப் பாத்திரம் விளக்கிக் கொடுத்தால் சேராதா என்று கேட்டு வகுப்பைச் சிரிக்க வைத்ததுதான் மிச்சம்.

சனிக்கிழமை காலையில் போய் இறங்கியது எங்கள் கரையில்தான். பாட்டில், பாலித்தீன், நைந்த வலைத்துண்டு எல்லாம் சாக்குக்குள் போயின. கூடவே மணலில் கிடந்த செருப்புகளும் போகத் தொடங்கின. டவுனில் கடை வைத்திருப்பவர் மகள் ஒருத்தி முகத்தைச் சுளித்துக்கொண்டு அள்ளிப் போட்டாள்.

"ஏளா, போடாத! அது குப்பை இல்ல. ஆளுக கடலுக்குப் போயிருக்காவ!" என்று கத்தினேன்.

செருப்புக் காலோடு வள்ளத்தில் ஏறுகிற வழக்கம் எங்களிடம் கிடையாது. விடியுமுன் நின்ற இடத்தில் கழற்றிப் போட்டுவிட்டுப் போவார்கள். மத்தியானம் வந்து மாட்டிக்கொண்டு வீட்டுக்கு நடப்பார்கள். எவ்வளவு புதுச் செருப்பானாலும் களவு போனதில்லை. எங்களைக் கூட்டி வந்த சார் கடலில்லாத சாத்தான்குளத்துப் பக்கத்துக்காரர். அவருக்கு இது புதுச் செய்தி. கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்பம் இதையே ஒன் தனிச் சேவையா வச்சுக்கோ. எல்லாரும் வந்து வாங்குத வரைக்கும் நீதான் காவல்" என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. மற்ற பிள்ளைகள் மணலை அரித்துக் குப்பை எடுக்கத் தோதாக, செருப்புகள் எல்லாவற்றையும் பொறுக்கி ஒரு நிழலில் வரிசை கட்டினேன். உடைந்த வள்ளத்தின் ஓரம், கடலைப் பார்த்தபடி என் சித்தப்பாவின் செருப்பு கிடந்தது. அறுந்த வாரைத் தூண்டில் நரம்பால் தைத்திருப்பார். எங்கே பார்த்தாலும் தெரியும். சித்தப்பா சங்கு குளிக்கிறவர். மூச்சடக்குவதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று ஊரே சொல்லும். அவருடையதை வரிசையில் முதலாவதாக வைத்தேன்.

மத்தியானம் வள்ளங்கள் வரத் தொடங்கின. "ஏளா, செருப்புக்கடையா போட்டிருக்க? எனக்கு ஒண்ணு தள்ளுபடியில குடேன்" என்று ஒருவர் கேட்க, கரையே சிரித்தது. ஒவ்வொருவருக்கும் எடுத்துக் கொடுக்கக் கொடுக்க எனக்கு ஒரு சாண் உயரம் கூடியது.

சித்தப்பா போன வள்ளம் பிந்தித்தான் வந்தது. அதில் வந்தவர்கள் கேலி பேசவில்லை. செருப்பைக் காலில் மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டார்கள். சித்தப்பா எங்கே என்று கேட்டதற்கு, என்னைப் பார்க்காமலே ஒருவர் சொன்னார்: "முங்குனவன் இன்னும் மேல வரலளா."

நான் பயப்படவில்லை. மற்றவர்களைவிட அவர்தான் கூட நேரம் இருப்பாரே!

அதற்குள் செய்தி பரவி, சற்றுமுன் என்னிடம் செருப்பு வாங்கிப் போனவர்களெல்லாம் ஓடி வந்தார்கள். ஓடி வந்த வேகத்தில் அங்கங்கே உதறிவிட்டு வள்ளங்களைத் திரும்பவும் தண்ணீருக்குத் தள்ளினார்கள். அழகாகக் கட்டிய என் வரிசை பாழாகிவிட்டதே என்று எனக்குக் கோபம்தான் வந்தது. முணுமுணுத்துக்கொண்டே மறுபடியும் பொறுக்கி அடுக்க ஆரம்பித்தேன்.

சித்தி வந்தாள். தலை அவிழ்ந்து கிடந்தது. அழவில்லை. வரிசையைப் பார்த்தவள், தைத்த செருப்பை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு, "இது எங்கன கெடந்துச்சு?" என்று கேட்டாள். உடைந்த வள்ளத்தின் ஓரத்தைக் காட்டினேன். அங்கேயே கொண்டுபோய்க் கரையைப் பார்க்கத் திருப்பி வைத்தாள்.

"சித்தி, கடலப் பாத்துல்லா கெடந்துச்சு" என்று திருத்தப் போனேன்.

என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இருக்கட்டும்ளா. வந்ததும் நேரா மாட்டிக்கிட்டு வீட்டுக்கு வரட்டும்."

கடல் கடைசிவரை சித்தப்பாவைத் தரவில்லை. ஆனால் அது அந்தச் சாயங்காலம் எனக்குத் தெரியாது. பிள்ளைகள் எல்லாரும் வேனில் ஏறிவிட்டார்கள். சார் வந்து மெதுவாகக் கூப்பிட்டார்.

"நீங்க போங்க சார். தேடிப் போனவங்களும் வரணும், சித்தப்பாவும் வரணும். எல்லாத்தையும் குடுத்து முடிச்சிட்டு வாரேன்" என்றேன். தனிச் சேவைக்கு எனக்குத்தான் முதல் பரிசு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சார் எதற்காகத் தன் செருப்பையும் கழற்றி என் வரிசையின் கடைசியில் வைத்துவிட்டு, இன்னும் சூடு ஆறாத மணலில் என் பக்கத்தில் உட்கார்ந்தார் என்பது எனக்கு விளங்கவில்லை.