சத்தமே வராத கேபினட்

என் மனைவியின் குரல் இரண்டு முறை திருப்பி அனுப்பப்பட்டது. இரண்டு முறையும் ஒரே குறிப்புதான்: "பின்னணியில் இயந்திர இரைச்சல்."

பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்துகொடுக்கும் அமைப்பு ஒன்று சென்னையில் இருக்கிறது. வாசிக்க விரும்புபவர் மூன்று முறை மாதிரிப் பதிவு அனுப்பலாம். மூன்றாவதும் தேறவில்லை என்றால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். அவள் பாடம் நடத்திய பள்ளிக்கூடம் மூடப்பட்டு அப்போது ஓராண்டு ஆகியிருந்தது. பதினாறு வருடம் வகுப்பில் நின்று உரக்க வாசித்தவள். ஒருநாள் மீன் ஆய்ந்துகொண்டே, பொட்டலம் கட்டி வந்த செய்தித்தாளை ஏற்ற இறக்கத்தோடு சுவரைப் பார்த்து வாசித்துக்கொண்டிருந்தாள். அன்றுதான் மூன்றாவது வாய்ப்பை என் பொறுப்பில் எடுத்துக்கொண்டேன்.

இரைச்சல் எங்கள் பழைய கணினியுடையது. லைட்ஹவுஸ் குப்பத்தில் எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே எட்டு வீடுகள்தான். உப்புக் காற்றில் கதவுக் கீலே ஒரு மழைக்காலத்துக்கு மேல் தாங்காது. கணினியைத் திறந்து பார்த்தபோது விசிறியின் அச்சில் துரு, மின்சுற்றுப் பலகையில் பச்சைக் களிம்பு. புதிதாக ஒன்றை நானே சேர்த்துவிடலாம் என்று முடிவு செய்தேன். உள்ளே போக வேண்டியவற்றைப் பற்றி எனக்குக் குழப்பமில்லை. அவற்றை எந்த வெளிப்பெட்டியில், அதாவது கேபினட்டில், வைப்பது, எப்படிச் சத்தமில்லாமல் குளிர வைப்பது என்பதில்தான் ஒரு மாதம் போயிற்று. டைரியில் அந்த மாதத்தின் பக்கங்கள் முழுக்கக் கோடு போட்ட இரண்டு பத்திகள்: சொன்னது, நம்பலாமா.

பொன்னேரியில் ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். மாலை பேருந்துக்கு முன் கணினிக் கடைக்குப் போவேன். கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். இரண்டு கேபினட்டுகளை மேசைமேல் வைத்தார். ஒன்றின் முன்பக்கம் முழுதும் கம்பி வலை, உள்ளே கலர் விளக்கு எரியும் மூன்று விசிறிகள். மற்றொன்று மூடிய கதவு வைத்தது. கதவின் உட்புறம் கறுப்பு நுரைப்பஞ்சு ஒட்டியிருந்தது. காற்று இழுக்கப் பக்கவாட்டில் மெல்லிய பிளவுகள், அடியில் ஒரு சல்லடை.

"இத எடுத்துக்கோங்க சார். சத்தமே வராது," என்றார் மூடியதைக் காட்டி.

சத்தம் குறையும் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். சத்தமே வராது என்று சொல்கிறவரை எப்படி நம்புவது? விரல் முட்டியால் தகட்டைத் தட்டிப் பார்த்தேன். விசிறியை ஓடவிடச் சொல்லிக் காதை வைத்தேன். வெளியே பேருந்து ஹாரன்தான் கேட்டது.

"ஷட்டரக் கொஞ்சம் எறக்கறீங்களா?"

"இன்னா சார், கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கறாப்போல கீது," என்றாலும் பாதிவரை இறக்கினார். அரையிருட்டில் இருவரும் ஒரு விசிறியின் முன் தலை சாய்த்து நின்றோம். பதினான்கு சென்டிமீட்டர் விசிறி, மெதுவாகச் சுற்றியது. சின்ன விசிறி அவ்வளவு காற்றைத் தள்ள இரண்டு மடங்கு வேகத்தில் சுற்ற வேண்டும், அந்த வேகம்தான் கத்தும் என்று அவர் சொன்னது சரியாகவே பட்டது. முன்னால் இழுக்க இரண்டு, பின்னால் தள்ள ஒன்று, பிராசஸர்மேல் உயரமான அலுமினியத் தகட்டுக் கூலர் ஒன்று என்று எடுத்துக்கொண்டேன். கேபினட் வந்த அட்டைப்பெட்டியின் மேல் ஒட்டியிருந்த டேப் இரண்டு அடுக்காக இருந்ததை மட்டும் குறித்து வைத்தேன். யாரோ பிரித்துத் திரும்ப ஒட்டியது போலிருந்தது.

கேபினட்டின் எடை ஏழு கிலோ எண்ணூறு என்று அட்டையில் அச்சிட்டிருந்தது. தகடு மெலிந்திருந்தால் அதிரும். ஆகவே வீட்டுக்குப் போகும் வழியில் மீன் ஏலம் விடும் இடத்தில் இறங்கி, வியாபாரியின் தராசில் வைத்தேன். ஏழு முந்நூறு காட்டியது. அரைக் கிலோ தகட்டைக் காணோம். மறுநாளே திருப்பிவிடுவது என்று வீட்டில் அறிவித்தேன்.

பக்கத்து வீட்டு வாசலிலிருந்து அண்ணி, அதாவது என் அண்ணன் மனைவி, கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எந்தத் தராசுல போட்ட கொழுந்தனாரே?"

"ஏலக்காரங்க தராசுலதான் அண்ணி."

"அதுல போட்டா ஆனைகூட ஆட்டுக்குட்டியா எறங்கும். வருசம் பூரா எங்க எறாவ அதுலதான போட்டு அடிக்கிறானுங்க! நீ கம்ப்யூட்டர வேற கொண்டுபோய்ப் போட்டியா?"

அவள் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. மளிகைக் கடைத் தராசில் ஏழு எண்ணூறு சரியாக நின்றது. அந்தத் தராசையும் முழுதாக நம்பிவிடவில்லை என்றாலும் கேபினட்டைத் திருப்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை படுக்கை விரிப்பை விரித்து எல்லாவற்றையும் பூட்டினேன். அரை மணி நேரப் பதிவுக்குப் பின் பிராசஸரின் சூடு நாற்பத்தாறு டிகிரி. ஒரு கை தூரத்தில் விசிறி கேட்கவில்லை. மூன்று நாள் அப்படியே ஓடியது. மாதிரி அனுப்பக் கடைசி நாள் அதற்கு அடுத்த வாரச் சனிக்கிழமை. அவசரம் வேண்டாம், வாரக் கடைசியில் அனுப்பம்பட்டு ஊரில் அவள் அக்கா வீட்டு விசேஷத்தை முடித்துவிட்டு வந்து வாசிக்கிறேன் என்றாள். சாவியை அண்ணனிடம் கொடுத்துவிட்டு இரண்டு நாள் போய் வந்தோம்.

திரும்பி வந்து திங்கட்கிழமை மைக்கின் முன் உட்கார்ந்தாள். பத்தாவது நிமிடம் கொசு பறப்பதுபோல ஒரு சத்தம் எழுந்தது. இருபதாவது நிமிடம் அது கிரைண்டர் ஆனது. எண்பத்து மூன்று டிகிரி. அவள் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

"உட்டுருங்க. எனக்கு வந்தது அவ்ளோதான்."

அன்றும் மறுநாளும் டைரியில் எழுதியதை இப்போது படித்தால் வெட்கமாக இருக்கிறது. கடைக்காரர் பழைய விசிறியைத் துடைத்துப் புதிதென்று விற்றிருக்கிறார், மூன்று நாள் ஓடும் என்று அவருக்குத் தெரியும், அதனால்தான் டேப் இரண்டு அடுக்கு, ஷட்டரை அவ்வளவு சுலபமாக இறக்கியதும் அதற்காகத்தான், என்று எண் போட்டு எழுதியிருக்கிறேன்.

புதன்கிழமை அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டுக் கேபினட்டைப் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். அண்ணன் வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்தார். அவர் ஃபைபர் படகு வைத்திருப்பவர்.

"எங்கடா பொட்டிய எடுத்துக்கினு போற?"

"பொன்னேரிக்குண்ணா. கடைக்காரன் ஏமாத்திட்டான்."

"அப்பவே நெனச்சேன். உடாத. நறுக்குனு நாலு வார்த்த கேட்டுட்டு வா."

நாலுக்கு மேலேயே கேட்டேன். கடைக்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கேபினட்டை மின்சாரத்தில் செருகினார். பக்கவாட்டுப் பிளவில் உள்ளங்கையை வைத்தார். பிறகு முன்கதவைத் திறந்தார்.

"இன்னா சார் இது, கருவாடு பார்சலா?"

பிளவுகளின் உட்புறம் முழுதும் கனமான பாலித்தீன் வெட்டி ஒட்டப்பட்டிருந்தது. ஓரங்களில் கிரீஸ். கேபினட்டைச் சாய்த்தார். அடிச் சல்லடையும் அதேபோல மூடி, கால்களைச் சுற்றி நீல நைலான் நூலால் இறுக்கிக் கட்டியிருந்தது. காற்று உள்ளே வர ஒரு வழியும் இல்லை. விசிறிகள் வெறும் சூட்டைச் சுற்றிச் சுற்றிக் கடைந்துகொண்டிருந்தன.

"நீங்க விக்கும்போதே..." என்று ஆரம்பித்தேன்.

"சார், நான் பொன்னேரில கடை வச்சிக்கிறேன், படகு இல்ல. மோந்து பாருங்க."

முகர்ந்தேன். படகு எஞ்சினுக்குப் போடும் கிரீஸ். நூலின் முடிச்சையும் பார்த்தேன். இரட்டை முடிச்சு, நுனி பீடி நெருப்பில் உருக்கி அழுத்தியது. எங்கள் குப்பத்தில் முடிச்சு போடுபவர்கள் நூறு பேர் இருக்கிறார்கள். நுனியை அப்படி உருக்கிக் கட்டைவிரலால் சப்பையாக அழுத்துகிறவர் ஒருவர்தான். கேபினட்டைத் தராசில் போட்ட நான், இரண்டு நாள் டைரி எழுதிய நான், அதன் கதவை ஒருமுறைகூடத் திறந்து பார்க்கவில்லை.

"தப்பு எங்க வீட்டுது. மன்னிச்சிருங்க," என்றேன்.

"பரவால்ல சார். டேப்பு ரெண்டு சுத்து இன்னாத்துக்குனு வேற கேட்டீங்களே. லாரில வர்றப்ப கிழிஞ்சிது, நான்தான் ஒட்டனேன்." பாலித்தீனைப் பிரித்து, கிரீஸைத் துணியால் துடைத்துத் தந்தார்.

வீட்டுக்கு வந்ததும் நூலைக் கொண்டுபோய் அண்ணன் முன் வைத்தேன். எஞ்சின் பிளக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்து, "அத இன்னாத்துக்குப் பிரிச்ச?" என்றார்.

"நீதான் கட்னியா?"

"பின்ன யாரு? படகுல ஜிபிஎஸ்ஸு, வாக்கிடாக்கி, போனு, எல்லாத்தையும் கவர்ல போட்டு, கிரீஸ் தடவி, கட்டித்தான வச்சிக்கிறோம். ஒண்ணாச்சும் கெட்டுதா? உன் பழைய பொட்டி இன்னாத்தால செத்துது? உப்பு. புதுசும் ஓட்ட ஓட்டையா கெடந்துது. அடைச்சேன்."

"அதுக்குக் காத்து வோணும்ணா. இல்லன்னா சூடாவும்."

"கடக்காத்து உள்ள போச்சுனா உப்பும் கூடத்தான் போவும்."

"செய்யறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ நோட்டுல எழுதி வச்சிக்கினு நாலு நாளு யோசிப்ப. அதுக்குள்ள துரு ஏறிரும்."

அவர் கடைசியாகச் சொன்னது உண்மைதான். உப்பைப் பற்றிச் சொன்னதும் பொய்யில்லை. கடலைப் பார்த்த ஜன்னலடியில் கேபினட்டை வைத்தது என் தவறு. அதை எதிர்ச்சுவர் ஓரமாக, ஜன்னல் காற்று நேரே படாத இடத்துக்கு மாற்றினேன். பிளவுகளுக்கு வாரம் ஒருமுறை அலசிப் போடக்கூடிய மெல்லிய துணி ஒன்றை அண்ணனே வெட்டிக் கட்டினார். பக்கத்தில் நின்று ஒவ்வொரு முடிச்சையும் பார்த்தேன். அவர் அதற்கு என்னை ஏசினார். அரை மணி நேரத்துக்குப் பின் நாற்பத்தேழு டிகிரி.

வெள்ளிக்கிழமை பிற்பகல், ஏலம் முடிந்து, பிள்ளைகள் பள்ளியிலிருந்து திரும்புவதற்கு முன்னுள்ள அந்த ஒன்றரை மணி நேரத்தில் அவள் வாசிக்க உட்கார்ந்தாள். பக்கத்து வீடுகளில் சொல்லி வைத்திருந்தோம். அண்ணி தன் கோழிகளைக்கூடக் கூடையால் மூடிவிட்டாள். நான் அறைக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தேன்.

அவள் குரல் மட்டும் வந்தது. ஏழாம் வகுப்பு அறிவியல். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, சொற்களை முழுதாக உச்சரித்தாள். அதன் பின்னால் ஒன்றுமே இல்லை. பத்து நிமிடம் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். ஒன்றுமில்லை. அதுதான் என்னை உட்கார விடவில்லை. ஓடுகிற விசிறி ஒன்று இவ்வளவு அமைதியாக இருக்குமா? நின்றே போயிருந்தால்? உள்ளே சூடு ஏறி, பாதி வாசிப்பில் கணினி அணைந்து, கடைசி வாய்ப்பும் போய்விட்டால்?

கதவை மெல்லத் தள்ளி, முழங்காலும் கையுமாக உள்ளே போனேன். கேபினட்டின் பின்புறம் கையை வைத்தேன். காற்று வருவது தெரியவில்லை. முகத்தைக் கொண்டுபோனேன். கன்னத்தில் மெல்லிய வெதுவெதுப்பான காற்று பட்டது. ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவள் என்னை முறைத்தாள். குரல் மட்டும் ஒரு இழை பிசகவில்லை. வந்தபடியே பின்வாங்கி வெளியே வந்தேன்.

மாலையில் பதிவை ஒருமுறை கேட்டுப் பார்க்கலாமா என்றேன். "இன்னொரு தடவ கேட்டா நீங்க எதனா கண்டுபுடிப்பீங்க," என்று சொல்லி அப்போதே அனுப்பிவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை பதில் வந்தது. சேர்த்துக்கொண்டார்கள். இயந்திர இரைச்சல் இல்லை, உச்சரிப்பு நன்று என்று எழுதியிருந்தார்கள். அதற்குக் கீழே ஒரு வரி: "பதினொன்றாம் நிமிடத்தில் வாசிப்பவர் அல்லாத ஒருவர் பலமாக மூச்சு விடுவது கேட்கிறது. அந்தப் பக்கத்தை மட்டும் மீண்டும் வாசித்து அனுப்பவும்."

அவள் அதை எனக்கு உரக்க வாசித்துக் காட்டினாள், ஏற்ற இறக்கத்தோடு. பிறகு அண்ணி வீட்டு வாசலில் நின்று இன்னொரு முறை வாசித்தாள்.

"ரெண்டு பேரும் அந்தப் பொட்டியண்ட போவாதீங்க," என்றாள் அண்ணி, பக்கத்தில் நின்ற அண்ணனைப் பார்த்து. "நீ அதுக்கு மூச்ச அடைக்கிற, உன் தம்பி மூச்சு வுட்டுக் காட்றான்."

அந்த ஒரு பக்கத்தை அவள் வாசித்த பிற்பகலில், அறைக் கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். அண்ணனும் நானும் படகடியில் நிழலில் உட்கார்ந்திருந்தோம். முடிந்ததும் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தாள்.