மாப்பிள்ளை நாற்காலியில் அரசன்

அரசன் வேடத்துக்கு ஆள் போடாதது என் யோசனைதான். அதில் எனக்கு அப்போது தலைகால் புரியாத பெருமை.

பழைய கிரேக்கத் துயர நாடகம். வெளியே வீசப்பட்ட அண்ணன் பிணத்துக்கு, அரசன் உத்தரவை மீறித் தங்கை மண் போடுகிறாள். ஏகப்பட்ட பாத்திரங்கள். நான் இரண்டே நடிகர்களாகச் சுருக்கினேன். தங்கையாக ஒரு பெண், மற்ற எல்லோருமாக என் நண்பர். அரசனுக்கு மட்டும் முன்வரிசை நடுவில் ஒரு காலி நாற்காலி. மண் போட ஏன் விடவில்லை என்று அவள் அதைப் பார்த்துக் கேட்பாள், பத்து எண்ணும் நேரம் காத்திருப்பாள், பதில் வராது. மார்கழியில் கல்யாணம் கிடையாது என்பதால் திருத்தணி மலையடிவாரத்தில் ஒரு மண்டபம் கிடைத்தது. வரவேற்பில் மாப்பிள்ளை உட்காரும் சிவப்பு வெல்வெட் நாற்காலியே அரசனுடையது ஆனது.

தங்கையாக நடித்தவள் பொதட்டூர்பேட்டை நெசவுக் குடும்பத்துப் பெண். ஒத்திகை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது ஒருநாள் சொன்னாள். அவள் அண்ணன் வேறு சாதியில் கல்யாணம் செய்துகொண்டு அரக்கோணம் போய்விட்டான், அங்கேயே காய்ச்சலில் செத்தான். அப்பா உடலை வீட்டுக்குக் கொண்டுவர விடவில்லை. இவளையும் போக விடவில்லை.

"அதுக்கப்புறம் வீட்ல அவன் பேச்சே கெடையாது சார். நைனாகிட்ட கேட்டா வீடே ஒடஞ்சிடும்னு பயம். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"சே, நான் போய் சொல்வேனா?" என்றேன். சொல்லவில்லைதான். அதைவிட மோசமானதைச் செய்தேன்.

நாடகத்தன்று அவள் அப்பா, அவள் கூப்பிடாமலே, நோட்டீஸைப் பார்த்து வந்துவிட்டார். நான் விளக்குகளைச் சரிபார்த்துவிட்டுத் திரும்பினால், மனிதர் வெல்வெட் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், வெள்ளை வேட்டியும் மடித்த துண்டுமாக. மண்டபத்து வாட்ச்மேனிடம் ஓடினேன்.

"பொண்ணோட அப்பாங்க. அவரப் போயி பின்னாடி குந்த வெப்பாங்களா?" என்றார் அவர். கல்யாண மண்டபத்துப் பழக்கம், அவர் மேல் என்ன தப்பு?

ஆட்டம் தொடங்க இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. 'இப்படி வாங்கய்யா' என்று கூப்பிட்டிருந்தால் எழுந்து வந்திருப்பார். நான் கூப்பிடவில்லை. இன்றைக்குக் காட்சி பிரமாதமாக வரப்போகிறது என்று பாவி மனம் குதித்தது. உள்ளே ஒப்பனையில் இருந்த அவளிடமும் மூச்சுவிடவில்லை.

அவள் மேடையிலிருந்து இறங்கி நாற்காலிக்கு முன்னால் வந்தாள். பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். 'அரசே' என்று தொடங்க வேண்டிய வசனம்.

"நைனா," என்றாள். "அண்ணனுக்கு ஒரு பிடி மண்ணு போட என்ன ஏன் வுடல?"

நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். ஏழில் அவர் எழுந்தார்.

"தப்புதாம்மா. ஊரு இன்னா சொல்லுமோன்னு இருந்துட்டேன். அன்னிக்கு நானும் போனேன். சுடுகாட்டுக்கு அந்தாண்ட நின்னுகினு இருந்தேன், உள்ள போவல." துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

கூட்டம் எழுந்து கைதட்டியது. எல்லாம் நடிப்பென்று நினைத்துவிட்டார்கள். "யாருங்க அந்தப் பெரியவரு? எங்க புடிச்சீங்க?" என்று ஆளாளுக்கு என் கையைக் குலுக்கினார்கள். நானும் வெட்கமில்லாமல் சிரித்துக்கொண்டு நின்றேன். அதே பெரியவரோடு சென்னையில் ஒருமுறை போடச் சொல்லி ஒருவர் கேட்டார்.

அடுத்த வாரம் பொதட்டூர்பேட்டைக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் பஸ் ஏறினேன், சத்தியமாக. அவள் அப்பா என்னைப் பார்த்ததும் தறியை நிறுத்தி எழுந்தார். "குந்துங்க சார்," என்று சொல்லிவிட்டு, அவளிடம் ஏதோ முணுமுணுத்து, சொம்போடு கடைக்குப் போனார். அவர் தலை மறைந்ததும் என் வாயிலிருந்து வந்தது வேறு.

"சென்னையில கூப்பிடறாங்கம்மா. அப்பாவும் வந்தா..."

"அவரு அந்த நாற்காலியில இருந்தது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா சார்?"

"ஆங்," என்றேன்.

"மன்னிப்பு கேக்க வந்திருக்கீங்கன்னு நெனச்சிகினு டீ வாங்க போயிருக்காரு. சார ஒண்ணும் சொல்லிடாதம்மான்னு சொல்லிட்டுப் போனாரு."

அவர் வந்தார். டீயை ஆற்றிப் பெரிய டம்ளரை என் கையில் கொடுத்தார். நான் குடித்தேன். மன்னிப்புக் கேட்காமலே பஸ் ஏறினேன்.